கைக்குழந்தையோடு பத்தாம் வகுப்பு: என்.ஐ.ஓ.எஸ். ஒத்துவருமா?

16, 17 வயதில் தாயாகிப் படிப்பை விட்ட பெண்ணைப் பழைய பள்ளியே திரும்பச் சேர்த்துக்கொண்டால் அதுதான் நல்லது. பால்குடிக் குழந்தையும் ஊர்ப்பேச்சும் பெரும்பாலும் அதற்கு விடுவதில்லை. அப்போது கைகொடுப்பது, தினமும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.).

இதன் பெரிய பலம் அவகாசம். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டு செல்லும். அதற்குள் 9 முறை தேர்வு எழுதலாம். ஏப்ரல், அக்டோபர் என ஆண்டுக்கு இரண்டு சுற்று. தேறிய பாடம் கணக்கில் நிற்கும். பிரசவம் நெருங்கினால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு, அடுத்ததில் இரண்டே பாடம் எழுதினால் போதும். வேறு வாரியத்தில் தேறிய பாடம் இருந்தால் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளலாம்; பழைய மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெண்களுக்குச் சேர்க்கைக் கட்டணமும் ஆண்களைவிடக் குறைவு.

தேவை ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது வேண்டும். தேர்ச்சிக்கு 33 சதவீதம். மனையியல், ஓவியம் சுலபம் என்று பலர் எடுக்கிறார்கள். இரண்டிலும் செய்முறைத் தேர்வு உண்டு, குழந்தையை விட்டுவிட்டுக் கூடுதல் நாள் அலைய வேண்டும். வணிகவியல், சமூக அறிவியலில் அந்தத் தொல்லை இல்லை. கணக்கு, அறிவியல் இல்லாமலே பத்தாவது முடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பாலிடெக்னிக் போகும் எண்ணம் இருந்தால் அந்தக் குறுக்குவழி அங்கே கதவை அடைத்துவிடும்.

சறுக்குவது எங்கே? முதலில் அசைன்மென்ட், அதாவது வீட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டிய பயிற்சி. அதற்கு 20 சதவீத மதிப்பெண். தேதி போனால் அதுவும் போச்சு. தேர்வுக் கட்டணம் வேறு, சேர்க்கைக் கட்டணத்தோடு தீர்ந்தது என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. அடுத்தது இனிஷியல்: பிறப்புச் சான்றில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் பெயர். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டையும் ஒன்றாக்குங்கள். சான்றிதழ் வந்தபின் திருத்துவது பெரும்பாடு. "எழுதாமலே பாஸ்" என்று பணம் கேட்கும் தரகரிடம் மூலச் சான்றைக் கொடுக்கவே கூடாது.

நிறுவனத்தின் பலவீனம், தாய்க்கென்று தனி ஏற்பாடு எதுவும் இல்லாதது. நிறுவனம் ஒதுக்கும் படிப்பு மையத்து வகுப்புகளை மட்டும் நம்பினால் போதாது. பாடப்புத்தகத்தை வீட்டில் தினமும் பிரிக்க வேண்டும். தேர்வு மூன்று மணி நேரம் வரை நீளும். வாசலில் குழந்தையை வைத்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ வருவார்களா என்பதை ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள்.