வேகம் குறையும்போது உறுமல்: வீல் பேரிங்கா, டிஃபரன்ஷியலா?

ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் 'ஊஊ' என்று ஒரு சத்தம். பலரும் முதலில் கை வைப்பது, சக்கரம் உரசாமல் சுழல உதவும் வீல் பேரிங்கில்தான். கொஞ்சம் பொறுங்கள்.

பேரிங் போயிருந்தால் காலை அழுத்தினாலும் எடுத்தாலும் சத்தம் பெரிதாக மாறாது. வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும். காலிச் சாலையில் ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் வளைத்தால் எடை வலப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் என் சந்தேகம் வலது பேரிங் மேல். ஜாக்கி போட்டு, சக்கரத்தருகே உள்ள சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல விரலில் நெருடும்.

இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் வேறு ரகம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அமைதி, காலை எடுத்தால் ஊளை. அப்போது பற்களின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. அதிலுள்ள சிறிய பல்சக்கரமான பினியனின் பேரிங் தளர்ந்தாலும் இதே கதைதான். முதலில் டிஃபரன்ஷியல் ஆயில் அளவைப் பாருங்கள். அதில் உலோகத் துணுக்குகள் கிடந்தால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.