கேபிளா, டிஷ்ஷா, ஓடிடியா: எந்த வீட்டுக்கு எது மிச்சம்?

கேபிளை நிறுத்திவிட்டு, இணையம் வழியாகப் படமும் சீரியலும் தரும் ஓடிடிக்குப் போனால் காசு மிச்சம் என்ற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. ஏற்கெனவே பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்கு அது சரி. டிவி பார்ப்பதற்காகவே புதிதாக இணைய இணைப்பு வாங்கப் போகிறவர் மட்டும் முதலில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

கேபிளிலும், டிஷ் வைத்துப் பார்க்கும் டிடிஎச்சிலும் மாதக் கட்டணம் இரண்டு பகுதிகளால் ஆனது: இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம், அதற்கு மேல் சேனல்களின் விலை. 2019இல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாயாக இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. 2024இல் அந்த உச்சவரம்பை டிராய் நீக்கிவிட்டதால் இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறலாம். தொகுப்பில் இடம்பெறும் கட்டணச் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆக, 130 ரூபாய் இணைப்பில் 19 ரூபாய்ச் சேனல்கள் நான்கை மட்டும் வைத்துக்கொண்டால் வரி உட்பட மாதம் 243 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு 2,900 ரூபாய்ச் சொச்சம்.

இதைவிட அதிகம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இணைப்பு கொடுத்த அன்று யாரோ போட்டுவிட்ட பேக்கிலேயே, அதாவது சேனல் தொகுப்பிலேயே, இருக்கிறார்கள். வீட்டில் யாரும் திருப்பிப் பார்க்காத வேற்றுமொழிப் படச் சேனல்களும் எச்டி சேனல்களும் அதில் குவிந்து கிடக்கும். வேண்டிய சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு. "அப்படிப் போட முடியாது, பேக்தான்" என்று கேபிள்காரர் சொன்னாலும் விடாமல் கேளுங்கள். ஒரே குழுமத்தின் தமிழ்ச் சேனல்கள் நான்கைந்து தேவைப்பட்டால், அந்தக் குழுமத்தின் சிறிய தொகுப்பு தனித்தனி விலையைவிட மலிவாகவும் வரலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். எதையும் துண்டிக்காமல் கிடைக்கும் சேமிப்பு இது. முதலில் செய்ய வேண்டியதும் இதுதான் என்பேன்.

ஓடிடிக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் தொகைக்கும் டிவியில் பார்ப்பதற்கு ஆகும் தொகைக்கும் இடைவெளி உண்டு. நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மாதத் திட்டம் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே. டிவியில் ஓட வேண்டுமென்றால் 199 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தபோதும் இதே கதைதான்: மூன்று மாதத்துக்கு 149 என்றால் கைப்பேசி மட்டும், டிவிக்கு 299. பணம் கட்டினால் விளம்பரம் வராது என்ற நிலையும் மாறிவிட்டது. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் சந்தாதாரர்களுக்கும் விளம்பரம் காட்டுகிறது. அதை நீக்கத் தனிக் கட்டணம்.

தமிழ் சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று மூன்று சந்தாக்கள். இணையச் செலவு இதற்கு மேல். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க 3 ஜிபி வரை டேட்டா ஆகும். தினம் இரண்டு ஜிபி கொடுக்கும் கைப்பேசித் திட்டம் ஒரு படத்துக்கே போதாது. பிராட்பேண்ட் மாதம் 500 ரூபாய் என்று வைத்தால் வரியோடு 590, ஆண்டுக்கு 7,080. கேபிள் கணக்கை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். மத்தியானம் முழுக்க அவர் கண் ஊசியில், கால் மெஷினில், காது டிவியில். ஒரு சீரியல் முடிந்தால் அடுத்தது தானாக வந்துவிட வேண்டும். நடுவில் எழுந்து ரிமோட்டில் தேடவோ, "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று திரை கேட்கும்போது பட்டனை அழுத்தவோ அவருக்குக் கை ஒழியாது. தட்டியதும் சேனல் வந்து, நிறுத்தும்வரை ஓடிக்கொண்டிருப்பது அவருக்குப் பெரிய வசதி. தனியாக இருக்கும் வயதான அம்மா, அப்பாவுக்கும் அப்படியே. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் சிக்கனம் என்ற பெயரில் அவர்களைக் கேட்காமல் கேபிளை நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவருக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தூர்தர்ஷன் தொடங்கியது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கிப் பொருத்த ஒருமுறைச் செலவு. பிறகு ரீசார்ஜ் கிடையாது. பழைய டிடிஎச் டிஷ் மாடியில் சும்மா கிடந்தால் திசை திருப்பி இதற்கே பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 என்ற புதிய ஒளிபரப்பு முறைக்கு ஏற்ற வகையா என்று பார்த்து வாங்குங்கள். பழைய வகையில் எல்லாச் சேனல்களும் வராது. குறை என்னவென்றால் இதில் இந்திச் சேனல்களே மிகுதி. டிடி தமிழ் வரும். சன் டிவி, விஜய் டிவி சீரியல்களுக்காகக் காத்திருப்பவருக்கு இது ஆகாது. கனமழையில் படம் உறைந்து நிற்பது எல்லா டிஷ்ஷுக்கும் பொது.

இணையம் இருந்தால், செய்தி மட்டும் பார்ப்பவர் சந்தாவே கட்ட வேண்டாம். தந்தி டிவி, புதிய தலைமுறை, சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்களும் பழைய நிகழ்ச்சிகளும் கிடைக்கின்றன. பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள், அதே இணைப்பில் டிவி சேனல்கள் தரும் ஐஎஃப்டிவி சேவை தங்கள் பகுதியில் வந்துவிட்டதா என்று விசாரிக்கலாம்.

ஆகவே, பிராட்பேண்ட் இருந்து, வீட்டில் எல்லோரும் கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள் என்றால் கேபிள் தேவையில்லை. ஒரே நேரத்தில் மூன்று சந்தா வைக்காமல், ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். சீரியல் பார்ப்பவர் இருக்கும் வீட்டில் கேபிள் இருக்கட்டும், பேக்கை மட்டும் குறையுங்கள். முடிவெடுக்க முடியாதவர்கள் இணைப்பை ஒரேயடியாகத் துண்டிக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி கேட்கலாம். டிராய் விதிகளில் அதற்கு இடமுண்டு. அந்த மாதத்தில் வீட்டில் யார் எதைக் கேட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தச் சேனல்களை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்கள்.