தரங்கம்பாடி: நடந்தே பார்க்க வேண்டிய ஊர்

கோட்டை முன்னால் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே திருக்கடையூருக்குக் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். தரங்கம்பாடிக்கு அது போதாது. வண்டியை ஊர் வாசலிலேயே விட்டுவிட்டு, ஒரு முழு நாளை இந்த ஊருக்குக் கொடுங்கள்.

1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டினால், ராஜ வீதி நேராகக் கடலைப் பார்த்து ஓடுகிறது. 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இந்த வீதியில்தான். எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை இருக்கிறது. உள்ளே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கியவர், 1719இல் இறந்தபோது வயது 36தான்.

நான் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். எனக்கு இந்த ஊர் கோட்டையால் அல்ல, எழுத்தால்தான் பெரிது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் இங்கே வந்து சேர்ந்தன. ஆனால் அவை அளவில் மிகப் பெரியவை. காகிதமோ கப்பலில் வந்தாக வேண்டும். அந்த எழுத்தில் அடித்தால் பாதிப் புத்தகம் முடிவதற்குள் காகிதம் தீர்ந்துபோகும். அதனால் சீகன்பால்கு குழுவினர் பக்கத்துப் பொறையாற்றிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். தமிழில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாக அச்சு வெட்டி, ஈயம் ஊற்றி எடுக்க வேண்டும். உயரம் ஒரு மயிரிழை குறைந்தாலும் தாளில் எழுத்து சரியாக விழாது. அந்தப் பாட்டையும் பட்டு, 1715இல் தமிழ் புதிய ஏற்பாட்டை முழுதாக அச்சிட்டு முடித்தார்கள். சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். பிள்ளைகள் கூட வந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1620இல் டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே கட்டத் தொடங்கியது இந்த டான்ஸ்போர்க் கோட்டை. தடித்த சுவர், வளைந்த கூரை. வெயிலில் வந்த உடம்புக்கு உள்ளே நுழைந்ததும் இதமாக இருக்கும். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, நாள் பார்த்துப் போங்கள். 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கோட்டைக்கு எதிரே இருக்கும் ஆளுநர் மாளிகையையும் தவறவிடாதீர்கள்.

கோட்டையிலிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1306ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதைப் பார்க்காமல் திரும்பினால் ஊரின் பாதியைத்தான் பார்த்ததாக ஆகும்.

இந்தக் கடலோர நடைக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுவது நல்லது. நிழல் குறைவு, மணலில் கால் புதையும். தண்ணீர் கையோடு இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நான் நுழைந்த ஒரு கடையில் சோறு ஆறிப்போய், மீன் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் பொறையாற்றுப் பக்கம் நடங்கள். காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்க அங்கே காகித ஆலையும் வைத்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். எழுத்தை நேசிக்கிறவர்கள் அதுவரை போய்விட்டு, பொறையாற்றிலேயே மயிலாடுதுறை பஸ் பிடித்துக்கொள்ளலாம்.