வாடகைக்கு ஒரு ஷெட்: நான்கு வருடமாக என் ஆல்டோவும் நானும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுக்கு வாடகை வீடு. வாசலில் காரை நிறுத்தி ஜாக்கி போட்டால் தெருவில் பைக் கூடப் போக முடியாது. ஒருமுறை அங்கேயே ஆயில் மாற்றினேன். சிமெண்ட் தரையில் கறை பிடித்து, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினேன். அதற்கப்புறம்தான் ராயக்கோட்டை சாலைப் பக்கம் இந்த ஷெட் கிடைத்தது.

லாரி வேலை பார்த்து வந்த இடம். மெக்கானிக் அண்ணனுக்கு வயதாகிவிட்டதால் பாதி ஷெட்டை வாடகைக்கு விடுகிறார். மணிக்கு 150 ரூபாய், அரை நாளுக்கு 400. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளம், கம்ப்ரஸர், ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். ஸ்பேனர் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

வெறும் இன்ஜின் ஆயில் மாற்றப் போனால் காசில் பெரிய மிச்சம் இல்லை. பிரேக் வேலைக்குத்தான் இந்த இடத்தின் அருமை தெரிகிறது. அம்மா சேலத்தில் இருப்பதால் மாதம் இரண்டு முறையாவது தொப்பூர் கணவாயில் இறங்குகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த இறக்கத்தின் பாதியில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. கியரைக் குறைத்து ஓரம் கட்டி, ஆற விட்டுத்தான் கிளம்பினேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 தான். கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது.

அந்த ஞாயிறே ஷெட்டுக்குப் போனேன். பழைய ஆயில் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு ஆள் வேண்டுமே என்று நின்றபோது பெடலை மிதிக்க அண்ணனே சீட்டில் உட்கார்ந்தார். "நிப்பிளை மூடிட்டியா? நீ சொல்லாம நான் காலை எடுக்க மாட்டேன் தம்பி" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். நிப்பிள் என்பது சக்கரத்தருகே காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு. அதை மூடுவதற்கு முன் பெடலிலிருந்து காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பின் சக்கர பிரேக் டிரம் கழலாமல் நான் சுத்தியலைத் தூக்கியபோதும் அவர்தான் தடுத்தார். டிரம்மிலேயே மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கிறது. எட்டு எம்எம் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வருகிறது. வாடகைக்கு மேல் எனக்குக் கிடைத்தது இந்தப் பாடம்தான். அதற்கு அவர் காசு கேட்டதே இல்லை.

குறைகளும் உண்டு. பள்ளத்துக்குள் வெளிச்சம் போதாது, தலையில் மாட்டும் லைட் கட்டாயம். ஒருநாள் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் போல்ட் முறிந்து, வண்டியை இரவு அங்கேயே விட்டு வந்ததில் கூடுதலாக 200 ரூபாய் ஆனது. அதனால் மாற்று போல்ட், வாஷர் கையில் இல்லாமல் இப்போது எதையும் கழற்றுவதில்லை. பழைய ஆயிலை அங்கே உள்ள பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும். மண்ணில் கொட்டுபவரை அண்ணன் அடுத்தமுறை சேர்ப்பதில்லை. அதில் நான் அவர் பக்கம்.

மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு ஓடும் மாதங்களில் பள்ளம் லாரிகளுக்கே போய்விடும். மே பிறந்துவிட்டால் ஒரு வாரம் முன்னதாகவே போன் செய்துவிடுங்கள்.