டிரிம் நகரும் டெர்க் ஏரியும்: தடைக்குள்ளான இரு அயர்லாந்துத் திருத்தலங்கள்

அயர்லாந்தின் டிரிம் நகரில், அகுஸ்தீன் சபை மடத்தில் இருந்த அன்னை மரியாவின் திருவுருவம் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1538-ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டதோடு, அதை நாடி வந்த பெரும் திருப்பயணமும் நின்றுபோயிற்று. டொனிகல் மாவட்டத்து டெர்க் ஏரித் தீவிலுள்ள ‘புனித பேட்ரிக்கின் உத்தரிப்புத் தலம்’ (உத்தரிப்பு: இறந்தோரின் ஆன்மா தூய்மை பெறும் நிலை) எனப்படும் திருத்தலமோ மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டது: 1497-இல் திருத்தந்தையின் ஆணையாலேயே மூடப்பட்டது, 1632-இல் அரசின் ஆணைப்படி இடிக்கப்பட்டது, 1704-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குச் செல்வோருக்குப் பத்து ஷில்லிங் அபராதமும், கட்டத் தவறினால் பொது இடத்தில் கசையடியும் விதித்தது. ஆயினும் மக்கள் செல்வதை நிறுத்தவில்லை. டிரிமில் பக்தி ஓர் உருவத்தைச் சார்ந்திருந்தது. டெர்க்கிலோ வெறுங்கால் நடை, நோன்பு, இரவு முழுதும் கண்விழித்தல் ஆகிய தவமே வழிபாடாக இருந்ததால், கட்டடங்களை இடித்தும் அதை அழிக்க இயலவில்லை என்றே கருதுகிறேன். அந்த மூன்று நாள் தவம் இன்றும் கோடையில் நடைபெறுகிறது.