வேக விழிப்புணர்வு வகுப்பு: மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக இரண்டே முக்கால் மணி நேரம்

பதினொரு ஆண்டுகளாக இங்கிலாந்தில் கார் ஓடுகிறேன். என் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஒரு தண்டப் புள்ளிகூட விழுந்ததில்லை என்பதை, யாரும் கேட்காத போதும் சொல்லிக்கொள்கிற ஆளாகவே இருந்து வந்தேன். தைப்பொங்கல் கழிந்த இரண்டாம் கிழமை அந்தப் பெருமைக்கு முடிவு வந்தது. கார் மனைவியின் பெயரில் பதிவாகியிருப்பதால் கடிதமும் அவர் பெயருக்கே வந்திருந்தது. 30 மைல் எல்லையுள்ள வீதியில் எங்கள் கார் மணிக்கு 36 மைல் வேகத்தில் சென்றதைக் கமரா பதிவு செய்திருக்கிறது என்றும், வழக்குத் தொடரும் உத்தேசம் உண்டு என்றும், அந்த நேரத்தில் காரை ஓடியவர் யார் என்று 28 நாட்களுக்குள் எழுதி அனுப்பவேண்டும் என்றும் அதில் இருந்தது. மனைவி அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த அறிவிப்பு, தவறு நடந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் வாகனத்தின் பதிவுபெற்ற உரிமையாளருக்குக் கிடைக்கவேண்டும் என்பது சட்டம். பிந்தி வந்தால் அதைக் காட்டி வாதாட இடமுண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் முதலில் திகதியைத்தான் எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் வந்திருந்தது. அந்தக் கதவு அத்தோடு மூடிவிட்டது.

அன்று மாலை வந்த மச்சான் ஒரு வழி சொன்னார். "மாமான்ர லைசென்ஸ் சும்மாதானே கிடக்குது, அவர்ர பேரைப் போட்டுவிடன். அவர் இப்ப கார் ஓடுறதே இல்லை." எங்கள் ஆட்களிடையே இந்த யோசனை சர்வசாதாரணமாகப் புழங்குவதால் இதைப் பற்றி இரண்டு வரி எழுதத்தான் வேண்டும். பிரித்தானிய அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன் செய்ததும் இதைத்தான்: 2003 இல் தான் வேகமாக ஓடியதற்கான புள்ளிகளைத் தன் அப்போதைய மனைவி விக்கி பிரைஸின் பெயரில் ஏற்றினார். பத்து ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச் மாதத்தில், இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வேகமாக ஓடியது சிறு குற்றம்; பொய்ப் பெயர் எழுதியது நீதியின் போக்கைத் திசைதிருப்பிய பெருங்குற்றம். கடிதத்துக்குப் பதிலே போடாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இருந்தால் உரிமையாளருக்கு ஆறு புள்ளிகளும் தண்டமும் வரக்கூடும்; அதாவது, 36 இல் ஓடிய எனக்கு வரவேண்டியது மூன்று, பதில் போடாவிட்டால் ஒன்றும் செய்யாத மனைவிக்கு வருவது ஆறு. மனைவி என் பெயரை எழுதி, கையொப்பமிட்டு, மறுநாளே தபாலில் சேர்த்துவிட்டார். அவ்வளவு வேகம் அவசியமா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கடிதம் என் பெயருக்கு வந்தது. 100 பவுண் தண்டமும் மூன்று புள்ளிகளும் ஏற்றுக்கொள்ளலாம், நீதிமன்றம் போகலாம், அல்லது தண்டத்துக்கும் புள்ளிகளுக்கும் பதிலாகக் கட்டணம் கட்டி வேக விழிப்புணர்வு வகுப்பில் கலந்துகொள்ளலாம் என்று மூன்று வழிகள். வகுப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 30 மைல் வீதியில் வழக்கமாக 35 முதல் 42 மைல் வரை ஓடி அகப்பட்டவர்களுக்கும், 20 மைல் வீதியில் 24 முதல் 31 வரை ஓடியவர்களுக்கும், 70 மைல் பாதையில் 79 முதல் 86 வரை ஓடியவர்களுக்கும் அது வழங்கப்படுகிறது. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் இதே வகுப்புக்குப் போயிருந்தால் வாய்ப்பில்லை. இது உரிமையும் அல்ல. பொலிஸார் விரும்பினால் கொடுக்கும் சலுகை.

மூன்று புள்ளிகளுக்கு உள்ள விலையை வகுப்புக் கட்டணத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது பிழை. எஸ்.பி.30 என்ற வேகக் குற்றக் குறியீட்டுடன் அவை பதிவேட்டில் நான்கு ஆண்டுகள் நிற்கும். அவற்றுள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மற்றப் புள்ளிகளோடு கூட்டப்படும். மூன்று ஆண்டுகளுக்குள் மொத்தம் 12 ஆனால் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் கார் ஓட முடியாது. காப்புறுதி நிறுவனங்களோ பெரும்பாலும் ஐந்து ஆண்டுக் கணக்குக் கேட்கின்றன. புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் பத்திரம் பறிபோய், எல் தகட்டோடு எழுத்துப் பரீட்சையிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். இரண்டு முறை கமராவில் அகப்பட்டாலே அந்த ஆறும் நிறைந்துவிடும்.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நான் கட்டியது 100 பவுணுக்குச் சில பவுண்கள் குறைவு. ஆகவே, பணத்தை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தோடு யாரும் இதற்குப் போகவேண்டாம். வகுப்பு நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். பாடம் ஒன்றே என்பதால் கட்டணத்தையும் நேரத்தையும் பார்த்துத் தெரிவு செய்தால் போதும். நான் தெரிவு செய்த நிறுவனத்தின் பதிவுப் பக்கம் இருமுறை இடையில் நின்றுபோய், மூன்றாம் முறைதான் பணத்தை ஏற்றுக்கொண்டது. 2020 க்குப் பிறகு பெரும்பாலான வகுப்புகள் இணையவழியிலேயே நடக்கின்றன. தனி அறையில், கமராவைத் திறந்து வைத்து, அனுமதிப்பத்திரத்தைக் காட்டி நுழையவேண்டும். பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகக்கூடும். எங்கள் வகுப்பில் ஒருவர் நிறுத்திய காருக்குள் இருந்தபடி சேர முயன்றார். அவரை ஆசிரியர் மரியாதையாக வெளியே அனுப்பினார். வேக வகுப்புக்குக் காரிலிருந்து வருபவரை வேறு என்ன செய்வது?

இனி வகுப்பைப் பற்றி. வரும்போது நான் எதிர்பார்த்தது விபத்துப் படங்களையும் கண்டிப்பையும்தான். இரண்டும் இல்லை. ஆசிரியர் முன்னர் கார் ஓடப் பழக்கியவராம். யாரையும் குற்றவாளி போல நடத்தவில்லை. எத்தனை மைலில் அகப்பட்டீர்கள் என்று கேட்கவும் இல்லை. சித்தி, தோல்வி என்ற முடிவும் கிடையாது. ஆனால் கேட்டால் பதில் சொல்லவேண்டும், வாய் திறவாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

வகுப்பின் உயிர் ஒரே ஒரு படத்தில் இருந்தது. அகலமான வீதி, போகும் பக்கத்துக்கு இரண்டு ஒழுங்கை, வரும் பக்கத்துக்கு இரண்டு ஒழுங்கை, நடுவில் வெள்ளைக்கோடு, ஓரங்களில் மின்விளக்குக் கம்பங்கள், வேகப் பலகை எதுவும் இல்லை. இங்கே வேக எல்லை எத்தனை என்று கேட்டார். நான் 40 என்றேன். வேறொருவர் 50 என்றார். நாலு ஒழுங்கை இருப்பதால் 70 என்றார் மூன்றாமவர். விடை 30. இங்கிலாந்தில், 183 மீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் வீதி விளக்குகள் நின்றால், வேறு பலகை ஒன்று மாற்றிச் சொல்லாத வரைக்கும் அது 30 மைல் வீதிதான். ஒழுங்கைகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரட்டைப் பாதை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் போகும் பக்கத்தையும் வரும் பக்கத்தையும் பிரிக்கும் நடுத்திட்டு இருக்கவேண்டும். வெறும் வெள்ளைக்கோடு நடுத்திட்டு ஆகாது. விளக்குள்ள 30 மைல் வீதியில் அந்த எண்ணை நினைவூட்டும் சிறு பலகைகள் இடையிடையே நடப்படுவதும் இல்லை. 40 அல்லது 50 என்றால்தான் நடுவார்கள். அதாவது, பலகை இல்லாமல் இருப்பதே செய்தி.

நான் அகப்பட்ட வீதியும் ஏறத்தாழ இப்படிப்பட்டதுதான். பல ஆண்டுகளாக அந்த வழியால் போய்வரும் நான், எங்கும் 30 என்று எழுதியிராததை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, அகலத்தைப் பார்த்து 40 ஆகத்தான் இருக்கும் என்று முடிவு செய்திருந்தேன். என் கணக்கில் அன்று 36 இல் போனது நிதானமான ஓட்டம். அனுமதிப்பத்திரம் எடுத்தபோது படித்து மறந்துபோன விதி இது. மூன்று புள்ளிகளை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அடுத்த கிழமையும் அதே வீதியில் அதே பிழையோடு போயிருப்பேன். தண்டச் சீட்டில் இந்த விளக்கம் எதுவும் இருக்காது. (வேல்ஸுக்குப் போகிறவர்களுக்கு: அங்கே 2023 செப்டெம்பர் 17 இலிருந்து இத்தகைய வீதிகளில் இயல்பான எல்லை 20.)

நிறுத்துதூரம் பற்றிய பகுதி அடுத்தது. 30 மைலில் வரும் கார், சாரதி ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முழுதாக நிற்க 23 மீற்றர் எடுக்கும்: மூளை கட்டளையிட்டுக் கால் அசையும் வரை 9, பிரேக் பிடித்த பின் 14. 40 மைலில் இது 36 மீற்றர். இவை எல்லோருக்கும் தெரிந்த எண்கள்தான். அன்றிரவு என் 36 மைலுக்கு அதே கணக்கைக் கடித உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், மொத்தம் 31 மீற்றர் வந்தது. எட்டு மீற்றர், இரண்டு கார் நீளம், கூடுதல். 30 இல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தில் நான் இன்னும் ஏறக்குறைய 23 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன். ஆறு மைல் வித்தியாசம் என்று நான் சொல்லித் திரிந்தது, அந்த இடத்தில் நிற்கும் ஒருவருக்கு 23 மைல் வித்தியாசம். இதனால் எனக்குக் கிடைத்த லாபம், வழியில் சிவப்பு விளக்கு எதுவும் விழாவிட்டால், மைலுக்கு 20 வினாடி.

குறைகளும் சொல்லவேண்டும். 30 மைல் வீதியில் மூன்றாம் கியரில் ஓடுங்கள், எஞ்சின் சத்தமே வேகத்தைச் சொல்லும் என்ற அறிவுரை மூன்று முறை வந்தது. என் கார் ஒட்டோமெட்டிக். வகுப்பில் பாதிப் பேரின் காரும் அப்படியே. மாறாக, இன்றைய பல கார்களில் உள்ள வேகக் கட்டுப்படுத்தி பற்றி ஆசிரியர் ஒரு வசனத்தோடு கடந்துவிட்டார். மறுநாள் தேடிப் பார்த்தபோது, நான்கு ஆண்டுகளாகத் தொடாத அந்தப் பொத்தான் ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தில்தான் இருந்தது. 30 இல் வைத்தால், காலைச் சாதாரணமாக அழுத்தும்போது 30 ஐத் தாண்டாது. எனக்கு உண்மையில் பயன்பட்டது இதுவே. கடைசி அரை மணி நேரம் இழுபட்டது; ஏன் அவசரப்படுகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லும் பகுதியில் எல்லோரும் ஆசிரியர் விரும்பும் பதிலையே சொன்னோம். ஆசிரியரின் ஆங்கிலமும் வேக எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. எங்கள் குழுவில் இருந்த வயதான அம்மா ஒருவர் பல கேள்விகளுக்குச் சிரிப்பையே பதிலாகத் தந்தார். எனக்குக் காட்டிய வகுப்புப் பட்டியலில் தமிழில் எதுவும் இருக்கவில்லை.

இதனால் உண்மையில் பயன் உண்டா என்பதற்குப் போக்குவரத்துத் திணைக்களத்துக்காகச் செய்யப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. வகுப்புக்குப் போனவர்கள் ஆறு மாதங்களுக்குள் மறுபடி வேகத்தில் அகப்படும் வாய்ப்பு 12 முதல் 23 வீதம் வரை குறைந்ததாக அது மதிப்பிட்டது. விபத்துகள் குறைந்தனவா என்று தெளிவாகக் காட்ட அதனால் முடியவில்லை. எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது. வகுப்பு ஆளை மாற்றிவிடுவதில்லை, ஓர் அறியாமையை நீக்குகிறது.

கடைக்குச் சாமான் ஏற்ற ட்ரான்ஸிட் வான் ஓடுகிறவர்கள் கட்டாயம் போகவேண்டும் என்பேன். நடுத்திட்டில்லாத, விளக்கில்லாத வெளியூர் வீதியில் காருக்கு 60 என்றால் அத்தகைய வானுக்கு 50. நடுத்திட்டுள்ள இரட்டைப் பாதையில் காருக்கு 70, வானுக்கு 60. இதைச் சொன்னபோது வான் ஓடும் இருவர் கமராவுக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். நீதிமன்றம் போய் வாதாடலாம் என்று எண்ணுபவர்கள், காரை ஓடியது தாங்கள் அல்ல என்றோ வேகம் பிழை என்றோ காட்ட உண்மையான சான்று இருந்தால் மட்டும் போகட்டும். அங்கே தண்டம் கிழமை வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படும், செலவும் சேரும்.

பதிவு செய்வதானால் கைத்தொலைபேசியைத் தவிர்த்து மடிக்கணினியைப் பயன்படுத்துங்கள்; வீதிப் படங்களில் கம்பங்கள் சிறிதாகத் தெரியும், விடை அவற்றில்தான் இருக்கிறது. கடிதத்தில் உள்ள கடைசித் திகதி வரை காத்திருந்தால் வேலை நேர வகுப்புகளே மிஞ்சும். முடிந்த மறுநாள் எனக்கு இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: வகுப்பை நிறைவு செய்துள்ளீர்கள், பொலிஸாருக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். இது தண்டனைப் பதிவு அல்ல என்றாலும், வகுப்புக்குப் போனீர்களா என்று கேட்கும் காப்புறுதி நிறுவனங்களும் சில உண்டு. கேட்டால் உள்ளதைத்தான் சொல்லவேண்டும். மச்சானுக்கும் அதை அனுப்பினேன். மாமாவுக்கும் வகுப்பு ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று பதில் வந்தது.