பல நாட்டு டீம் மேனேஜர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி: முதல் நாள் சுமார், இரண்டாம் நாளுக்காகவே போகலாம்

ஜப்பானில், ஒசாகாவில் இருக்கும் எங்கள் டீம் மீட்டிங்கில் 'ஹை' (ஜப்பானிய மொழியில் 'ஆமாம்') என்றது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் ஒன்றும் நகரவில்லை. 'கேட்டுக்கொண்டோம்' என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், 'செய்கிறோம்' என்று இல்லை. அப்புறம்தான் அலுவலகம் என்னை இந்த ஆன்லைன் பயிற்சியில் சேர்த்துவிட்டது.

முதல் நாளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். காலை முதல் மாலை வரை, நாடுகளின் பண்பாட்டை எண்ணாக அளந்த டச்சு ஆய்வாளர் ஹாப்ஸ்டீடின் மதிப்பெண்கள்தான். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து கிளைத்தவை அவை. 'அதிகார இடைவெளி' என்ற தலைப்பில் மலேசியா 104, டென்மார்க் 18, ஆஸ்திரியா 11. எண் கூடினால், மேலதிகாரியிடம் மறுத்துப் பேச ஆட்கள் தயங்குவார்கள் என்று பொருள். சரி, நூற்றுக்கு எப்படி 104 வந்தது என்று கேட்டேன். பயிற்சியாளர் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அளவுகோலைப் போட்ட பிறகு சேர்த்த நாடுகள் அதைத் தாண்டிவிட்டன, அவ்வளவுதான். ஒரே நிறுவனத்து ஆட்களை, அதுவும் சில நாடுகளில் 200 பேர்கூட இல்லாமல், வைத்து ஒரு தேசத்தையே அளக்கலாமா என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-லேயே கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். நாட்டின் சராசரியைத் தனி ஆள்மீது ஏற்றாதீர்கள் என்று ஹாப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். வகுப்பில் இந்த இரண்டும் வரவே இல்லை. கடைசியில் ஒரு வினாடி வினா: 'ஜெர்மானியர்கள் நேரம் தவறாதவர்கள், சரியா தவறா?' எங்கள் குழுவில் இருந்த ஜெர்மன்காரர் அன்று காலை பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தவர். 'தவறு' என்று போட்டு ஒரு மதிப்பெண்ணை இழந்தார்.

இரண்டாம் நாள் வேறொரு பயிற்சியாளர். ஜப்பானிய நிறுவனத்தில் பல வருடம் குப்பை கொட்டியவர். ஸ்லைடே இல்லை. நீங்கள் நிஜமாக அனுப்பிய ஒரு மின்னஞ்சலைக் கொண்டுவாருங்கள் என்றார்.

நான் கொண்டுபோனது அந்த ஒசாகா மின்னஞ்சல். கடைசி வரி: 'எல்லாருக்கும் புரிந்ததா? ஆட்சேபணை இருந்தால் சொல்லவும்.' அவர் அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டார். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் மேனேஜரிடம் 'புரியவில்லை' என்று யார் எழுதுவார் என்று கேட்டார். அதற்குப் பதிலாக 'இந்தத் திட்டத்தில் முதலில் எது தடங்கலாகும்?' என்று எழுத வைத்தார். இப்படிக் கேட்டால், பதில் சொல்கிறவர் என்னை மறுத்ததாக ஆகாது. அப்புறம் எனக்கு வந்திருந்த பதிலைப் படித்தார்: 'கொஞ்சம் கடினமாக இருக்கலாம்.' "இது மறுப்பு. உங்களுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்," என்றார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஜப்பானில் 'நெமவாஷி' என்பார்களாம். மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றித் தோண்டி அதைப் பக்குவப்படுத்துவதற்கான சொல். மீட்டிங்குக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிட வேண்டும். மீட்டிங் என்பது முடிவை அறிவிக்கும் இடம். நானோ நேராக மீட்டிங்கில் போய் விவாதத்தைத் தொடங்குகிறவன்.

மதியம் இரண்டு கதைகள். ஜெர்மனிக்கு 1997-ல் போன வால்மார்ட், அமெரிக்கப் பழக்கங்களை அப்படியே கொண்டுபோய் இறக்கியது. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னது அங்கே எடுபடவில்லை. சக ஊழியரோடு காதல் கூடாது என்ற விதியை நீதிமன்றமே தள்ளியது. போட்டியும் கடுமை. 2006-ல் கடையைக் கட்டியது. இன்னொன்று நும்மி. கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய ஃப்ரீமாண்ட் ஆலையை 1984-ல் டொயோட்டாவுடன் சேர்ந்து திறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. கோளாறு தெரிந்தால் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. ஆலை சீக்கிரமே தரத்துக்குப் பெயர் வாங்கியது. 'அமெரிக்கர்களுக்கு இது ஒத்துவராது' என்று முதல் நாள் மதிப்பெண்களைப் பார்த்தால் சொல்லியிருப்போம்.

பயிற்சி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வெளியீட்டுக்கு முன்னால் ஒசாகாவில் நான்கு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். மூன்றாவது ஆள்தான், சோதனைக்கு ஒதுக்கிய நாட்கள் போதாது என்றார். தேதியை மாற்றினேன். மீட்டிங் இருபது நிமிடத்தில் முடிந்தது.

குறைகள்: வகுப்பின் வீடியோ பதிவு முப்பது நாள்தான் கிடைக்கும், சான்றிதழில் என் பெயரில் எழுத்துப் பிழை. இரண்டாம் நாளை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று எழுதிக் கேட்டேன். 'கொஞ்சம் கடினம்' என்று பதில் வந்தது.